தள்ளு-இழு முறை

தள்ளு-இழு முறை என்பது பயிரைத் தாக்கும் பூச்சிகளை ஒரு செடியைக் கொண்டு வயலிலிருந்து விலக்கி, வேறொரு செடியைக் கொண்டு வயலின் ஓரத்திற்குக் கவர்ந்திழுத்துக் கட்டுப்படுத்தும் பயிர்ப் பாதுகாப்பு முறை ஆகும். பயிர் வரிசைகளுக்கு இடையே ஊடுபயிராக நடப்படும் செடி "தள்ளும்" பணியையும், வயலைச் சுற்றி நடப்படும் செடி "இழுக்கும்" பணியையும் செய்கின்றன. இம்முறையின் மிகப் பரவலான வடிவம் கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்காச்சோளம், சோளம் ஆகிய பயிர்களுக்காக உருவாக்கப்பட்டது. கென்யாவில் உள்ள பன்னாட்டுப் பூச்சி உடலியங்கியல் மற்றும் சூழலியல் மையமும் (சுருக்கமாக இசிப்பே), இங்கிலாந்தில் உள்ள ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் 1990களில் கென்ய நிறுவனங்களுடன் இணைந்து இதனை உருவாக்கின. தண்டுத் துளைப்பான் பூச்சிகளுக்காகத் தொடங்கப்பட்ட இந்த ஆய்வு, சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையையும் கட்டுப்படுத்தும் வழியை எதிர்பாராமல் கண்டறிந்தது.

பெயர்

"தள்ளு-இழு" என்னும் கருத்து 1987 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பருத்திக் காய்ப்புழு ஆய்வில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. பூச்சிக்கொல்லிகளுக்குப் பழகிவிட்ட காய்ப்புழுக்களை விலக்கும் பொருள், கவரும் பொருள் ஆகிய இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்திக் கட்டுப்படுத்தலாம் என்பதே அந்த ஆய்வின் கருத்தாகும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இம்முறை சுவாகிலி மொழியில் "வூட்டா சுக்குமா" எனப்படுகிறது. இதன் நேர்ப்பொருள் "இழு, தள்ளு" என்பதாகும்.

பின்னணி

கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு உழவர்களுக்கு மக்காச்சோளமே முதன்மை உணவுப் பயிர். விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள பகுதிகளில் இப்பயிருக்கு இரண்டு பெரும் பகைகள் உள்ளன.

முதலாவது தண்டுத் துளைப்பான் ஆகும். இவ்வகை அந்துப்பூச்சிகள் இலைகளில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் சில நாட்கள் குருத்தைத் தின்றுவிட்டுத் தண்டுக்குள் புகுந்துவிடுகின்றன. தண்டுக்குள் புகுந்த பின்னர் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி அவற்றைச் சென்றடைவதில்லை. இப்பகுதியில் இரண்டு இனங்கள் முதன்மையானவை. புசியோலா ஃபுஸ்கா ஆப்பிரிக்காவிற்கே உரிய இனம். கைலோ பார்ட்டெல்லஸ் ஆசியாவிலிருந்து சென்ற இனம். இந்தியாவில் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் தாக்கும் தண்டுத் துளைப்பான் இதுவே. இது ஆப்பிரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் மலாவியில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது.

இரண்டாவது ஸ்ட்ரைகா எனப்படும் ஒட்டுண்ணிக் களையாகும். தமிழ்நாட்டில் கரும்பு, சோளம் ஆகியவற்றில் காணப்படும் இதன் உறவினச் செடி சுடுமல்லி எனப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருஞ்சேதம் விளைவிப்பது ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களைக் கொண்ட ஸ்ட்ரைகா ஹெர்மோந்திக்கா என்னும் இனம். கென்யாவின் லுவோ மக்கள் இதனைக் "கயோங்கோ" என அழைக்கின்றனர். இக்களை மக்காச்சோளத்தின் வேருடன் தன் வேரை இணைத்து நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சுகிறது. மண்ணுக்கு மேல் தலைகாட்டும் முன்பே சேதத்தின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுவதால், கண்ணில் பட்ட பின் பிடுங்குவதால் அந்தப் பருவத்தின் பயிருக்குப் பெரும் பயன் கிடைப்பதில்லை. ஒரு செடி பல்லாயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கிறது. தூசி போன்ற அவ்விதைகள் மண்ணில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உயிருடன் இருக்கக்கூடியவை.

இரண்டும் ஒருங்கே தாக்கும் நிலங்களில் விளைச்சல் முழுவதையும் இழக்க நேரிடும். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்திற்கு இது அடுத்த அறுவடை வரையிலான உணவை இழப்பதாகும். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, உரம் ஆகியவற்றை வாங்கும் வசதி இவர்களுள் பலருக்கு இல்லை. ஆகவே விலைக்கு வாங்கும் இடுபொருட்களைச் சாராத ஒரு தீர்வு தேவைப்பட்டது.

வரலாறு

இசிப்பே மையம் 1970 ஆம் ஆண்டில் கென்ய அறிவியலாளர் தாமஸ் ஒதியாம்போ என்பவரால் நைரோபியில் நிறுவப்பட்டது. இதன் களநிலையம் ஒன்று விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள ம்பிட்டா என்னும் ஊரில் உள்ளது. 1990களில் இந்தியாவில் பிறந்த பூச்சியியலாளர் செயாவுர் கான் தலைமையில் இங்கு ஆய்வு தொடங்கப்பட்டது. வேதிச் சூழலியல் தொடர்பான பகுதியை ரோத்தம்ஸ்டெட் நிலையத்தின் ஜான் பிக்கெட் வழிநடத்தினார். வேதிச் சூழலியலில் ஆற்றிய பணிக்காக பிக்கெட் பின்னர் வேளாண்மைக்கான வுல்ஃப் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரானார்.

தண்டுத் துளைப்பான்கள் மக்காச்சோளத்திற்கு முன்பு காட்டுப் புற்களில் வாழ்ந்தவை என்பதே ஆய்வின் தொடக்கப் புள்ளியாகும். அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவிற்கு மக்காச்சோளம் வந்து சேர்ந்தது சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான். எனவே எந்தப் புல்லை இப்பூச்சிகள் விரும்புகின்றன, எதனை வெறுக்கின்றன என அறிய நூற்றுக்கணக்கான புல், பயறு இனங்கள் சோதிக்கப்பட்டன. நேப்பியர் புல்லும் சூடான் புல்லும் பூச்சிகளைக் கவர்ந்தன. மொலாசஸ் புல் பூச்சிகளை விலக்கியது. மொலாசஸ் புல்லை ஊடுபயிராகக் கொண்ட வயல்களில் தண்டுத் துளைப்பான் தாக்குதல் பெரிதும் குறைந்ததுடன், புழுக்களை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியான கொட்டேசியா செசாமியேயின் செயற்பாடும் கூடியது. இம்முடிவு 1997 ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியானது.

கால்நடைத் தீவனமாகப் பயன்படும் டெஸ்மோடியம் என்னும் பயறினச் செடியும் விலக்கும் செடியாகச் சோதிக்கப்பட்டது. ம்பிட்டாவின் சோதனை வயல்களில் இச்செடி இருந்த பாத்திகளில் தண்டுத் துளைப்பான் குறைந்தது மட்டுமன்றி, ஸ்ட்ரைகாவும் ஏறத்தாழ இல்லாமற்போனது. பூச்சிக்காக நடப்பட்ட செடி களையையும் அடக்கியது எவரும் எதிர்பாராத விளைவாகும். இதன் பின்னர் டெஸ்மோடியமே இம்முறையின் மையச் செடியாயிற்று.

செயற்படும் விதம்

தள்ளுதல்

புழு தின்னத் தொடங்கிய மக்காச்சோளச் செடி சில ஆவியாகும் சேர்மங்களை வெளியிடுகிறது. ஒசிமீன், டைமெத்தில் நோனாட்ரையீன் ஆகியவை இவற்றுள் சில. முட்டையிட வரும் பெண் அந்துப்பூச்சிக்கு இம்மணம், செடியில் ஏற்கனவே புழுக்கள் உள்ளன என்பதற்கான அடையாளமாகும். தன் குஞ்சுகளுக்குப் போட்டி இருக்கும் செடியை அது தவிர்க்கிறது. அதே மணம் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இரை இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. மொலாசஸ் புல்லும் டெஸ்மோடியமும் தாக்கப்படாத நிலையிலும் இவ்வகைச் சேர்மங்களை வெளியிடுகின்றன என்பதே ஆய்வாளர்கள் தொடக்கத்தில் அளித்த விளக்கமாகும்.

இழுத்தல்

பெண் அந்துப்பூச்சிகள் மக்காச்சோளத்தைவிட நேப்பியர் புல்லில் மிகுதியாக முட்டையிடுகின்றன. இருட்டத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் நேப்பியர் புல் வெளியிடும் பச்சையிலை மணப்பொருட்களின் அளவு ஏறத்தாழ நூறு மடங்காக உயர்வதாக அளவிடப்பட்டுள்ளது. அந்துப்பூச்சிகள் முட்டையிட இடம் தேடும் நேரமும் அதுவே. ஆனால் நேப்பியர் புல்லில் பொரிக்கும் புழுக்களுள் மிகப் பெரும்பாலானவை முழு வளர்ச்சி அடைவதில்லை. தண்டைத் துளைக்கும்போது கசியும் பசை போன்ற சாற்றில் சிக்கிப் பல புழுக்கள் இறந்துவிடுகின்றன. பூச்சிகளைக் கவர்ந்தாலும் அவற்றைப் பெருகவிடாததால் இது நல்ல கவர்ச்சிப் பயிராகிறது.

களைக் கட்டுப்பாடு

ஸ்ட்ரைகா விதை தானாக முளைப்பதில்லை. அருகில் உள்ள வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் வகைச் சேர்மங்களை உணர்ந்த பின்னரே முளைக்கிறது. இவ்வகைச் சேர்மங்களுள் முதலாவது 1966 ஆம் ஆண்டில் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பருத்தியில் ஸ்ட்ரைகா ஒட்டி வாழ்வதில்லை. ஆகவே பருத்தி வேரருகே முளைக்கும் விதை ஒட்டிக்கொள்ள வேரின்றி இறந்துவிடும். இது தற்கொலை முளைப்பு எனப்படுகிறது.

டெஸ்மோடியம் மண்ணை மூடி நிழல் தருகிறது, நைட்ரசனையும் நிலைநிறுத்துகிறது. களை குறைவதற்கு இவை மட்டுமே காரணமா என்பதை அறியத் தனித்தனிச் சோதனைகள் நடத்தப்பட்டன. டெஸ்மோடியம் வளரும் தொட்டியிலிருந்து வடியும் நீரை மட்டும் மக்காச்சோளத் தொட்டிக்குப் பாய்ச்சியபோதும் ஸ்ட்ரைகா குறைந்தது. நிழலும் உரமும் ஓரளவு உதவினாலும், வேர்க்கசிவில் உள்ள வேதிப்பொருட்களே முதன்மைக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, டெஸ்மோடியத்தின் வேரில் ஸ்ட்ரைகா விதையை முளைக்கத் தூண்டும் சேர்மமும், முளைத்த வேர் வளர்வதைத் தடுக்கும் சேர்மமும் சேர்ந்தே உள்ளன எனக் காட்டியது. டெஸ்மோடியம் பல்லாண்டுப் பயிராதலால், மக்காச்சோளம் இல்லாத காலத்திலும் இச்செயல் தொடர்கிறது. இதனால் மண்ணில் தேங்கிக் கிடக்கும் விதைகளின் எண்ணிக்கை பருவத்திற்குப் பருவம் குறைந்துகொண்டே வருகிறது.

வயல் அமைப்பு

வழக்கமான தள்ளு-இழு வயல் பின்வருமாறு அமைக்கப்படுகிறது.

* நிலத்தைச் சுற்றி நான்கு புறமும் நேப்பியர் புல் மூன்று வரிசைகளாக நடப்படுகிறது. இது மக்காச்சோளத்திற்கு முன்பாகவே நடப்படுதல் நன்று.
* நேப்பியர் புல்லுக்கும் முதல் மக்காச்சோள வரிசைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி விடப்படுகிறது.
* மக்காச்சோளம் 75 செ.மீ. இடைவெளியில் வரிசைகளாக விதைக்கப்படுகிறது. இரு வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் ஒரு வரிசையாக விதைக்கப்படுகிறது. விதை கிடைக்காத இடங்களில் கொடித்துண்டுகளை நடலாம்.
* ஒரு பாத்தி 50 மீட்டருக்கு 50 மீட்டர் என்னும் அளவைத் தாண்டாமல் இருத்தல் வேண்டும். பெரிய நிலங்கள் பல பாத்திகளாகப் பிரிக்கப்படுகின்றன.
* முதல் பருவத்தில் டெஸ்மோடியத்தை அடையாளம் கண்டு, அதனை விட்டுவிட்டு மற்றக் களைகளைக் கவனமாக நீக்க வேண்டும்.

டெஸ்மோடியமும் நேப்பியர் புல்லும் ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிலைக்கும். ஆண்டுதோறும் மக்காச்சோளம் மட்டுமே புதிதாக விதைக்கப்படுகிறது.

பயன்கள்

இசிப்பே மையத்தின் அறிக்கைகளின்படி, முன்பு எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் மட்டுமே விளைந்த நிலங்களில் இம்முறையால் 3.5 டன் வரை மக்காச்சோளம் விளைந்துள்ளது. கடலை போன்ற வேறு ஊடுபயிர்களுடன் ஒப்பிடும்போது இம்முறையின் தனிச்சிறப்பு, விளைச்சலுடன் தீவனமும் கிடைப்பதாகும். நேப்பியர் புல்லும் டெஸ்மோடியமும் மாடு, ஆடுகளுக்கு உணவாகின்றன. தீவனம் தேடி நெடுந்தூரம் செல்லும் வேலை குறைகிறது. பாலும் எருவும் கூடுகின்றன. டெஸ்மோடியம் விதையை விற்றும் சிலர் வருவாய் ஈட்டுகின்றனர். மண்ணரிப்புக் குறைவதும் மண்வளம் கூடுவதும் பிற பயன்களாகும்.

இம்முறை உழவர்களிடம் உழவர்கள் வழியாகவே பெரிதும் பரவியது. தேர்ந்த உழவர்கள் தம் வயலையே பள்ளியாகக் கொண்டு அண்டை அயலாருக்குக் கற்பித்தனர். வயல் நாட்கள், உழவர் வயல்வெளிப் பள்ளிகள், வானொலி ஆகியவையும் பயன்படுத்தப்பட்டன. இசிப்பே கணக்கின்படி 2010களின் நடுப்பகுதியில் கென்யா, உகாண்டா, தான்சானியா, எத்தியோப்பியா முதலிய நாடுகளில் இதனைக் கைக்கொண்ட உழவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது.

நோய்களும் இம்முறையும்

பயிர் நோய்களைப் பொறுத்தவரை இம்முறையின் விளைவு இருவகையானது.

புழு துளைத்த கதிர்களில் பூஞ்சைகள் எளிதில் புகுகின்றன. அவற்றுள் சில, அஃப்ளாடாக்சின், ஃபியூமோனிசின் முதலிய நச்சுகளை உண்டாக்குபவை. மேற்குக் கென்யாவில் நடத்தப்பட்ட ஆய்வில், தள்ளு-இழு வயல்களின் மக்காச்சோளத்தில் கதிரழுகலும் இந்நச்சுகளும் குறைவாக இருந்தமை கண்டறியப்பட்டது.

மறுபுறம், வயலைக் காக்கும் நேப்பியர் புல்லே நோய்க்கு உள்ளாயிற்று. நேப்பியர் குட்டை நோய் மேற்குக் கென்யாவில் பரவிப் புல்லை மஞ்சளாக்கிக் குன்றச் செய்தது. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி இதற்குக் காரணம் என்பதும், தத்துப்பூச்சி ஒன்று இதனைப் பரப்புகிறது என்பதும் பின்னர் கண்டறியப்பட்டன. நோயுற்ற தண்டை வெட்டி நடுவதாலும் இந்நோய் பரவியது. இதனைத் தாங்கி வளரும் நேப்பியர் வகைகளைத் தேடும் ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. ஒரு பகையை அடக்க ஒரே வகைச் செடியைப் பெருமளவில் நடும்போது, அச்செடியின் நலமும் பயிர்ப் பாதுகாப்பின் பகுதியாகிவிடுகிறது என்பதற்கு இது சான்றாகும்.

வறட்சிக்கு ஏற்ற வடிவம்

தொடக்கத்தில் பயன்படுத்தப்பட்ட வெள்ளியிலை டெஸ்மோடியமும் நேப்பியர் புல்லும் நீண்ட வறட்சியைத் தாங்குவதில்லை. எனவே 2010களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் வறள் பகுதிகளுக்கான மாற்று வடிவம் உருவாக்கப்பட்டது. இதில் ஊடுபயிராகப் பச்சையிலை டெஸ்மோடியமும், ஓரப்பயிராக முலாட்டோ 2 என்னும் பிராக்கியாரியாப் புல்லும் இடம்பெறுகின்றன.

படைப்புழு

அமெரிக்காவைச் சேர்ந்த மக்காச்சோளப் படைப்புழு 2016 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டுக் குறுகிய காலத்தில் கண்டம் முழுவதும் பரவியது. வறட்சிக்கு ஏற்ற தள்ளு-இழு வயல்களையும் மக்காச்சோளத்தைத் தனிப்பயிராகக் கொண்ட வயல்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018 ஆம் ஆண்டில் வெளியானது. தள்ளு-இழு வயல்களில் செடிக்குச் செடி புழுக்களின் எண்ணிக்கை 82.7 விழுக்காடும், செடிச் சேதம் 86.7 விழுக்காடும் குறைவாக இருந்ததாக அவ்வாய்வு கூறியது. இப்பூச்சிக்காக உருவாக்கப்படாத ஒரு முறை அதற்கும் பயன்பட்டமை இம்முறையின் மீதான கவனத்தை மீண்டும் அதிகரித்தது.

அறிவியல் விவாதம்

தள்ளு-இழு வயல்களில் பூச்சி குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அது எவ்வாறு குறைகிறது என்பதில் 2020களில் கருத்து வேறுபாடு எழுந்தது.

டெஸ்மோடியம் தாக்கப்படாத நிலையில் மிகக் குறைந்த அளவு மணப்பொருட்களையே வெளியிடுகிறது என்றும், படைப்புழுவின் பெண் அந்துப்பூச்சிகள் அதனைத் தவிர்ப்பதில்லை என்றும் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. டெஸ்மோடியத்தின் தண்டிலும் இலையிலும் உள்ள கொக்கி போன்ற நுண்மயிர்களில் இளம்புழுக்கள் சிக்கிக் குத்துண்டு இறப்பதையும் அக்குழு கண்டது. இதன்படி டெஸ்மோடியம் பூச்சியைத் தள்ளும் செடியன்று. இடைமறித்துக் கொல்லும் செடியாகும். உழவர்களின் வயல்களிலேயே காற்றைச் சேகரித்து ஆராய்ந்த வேறொரு குழு, டெஸ்மோடியம் மணப்பொருட்களை வெளியிடுவதையும், கூண்டுச் சோதனைகளில் டெஸ்மோடியம் அருகில் இருந்தபோது மக்காச்சோளத்தில் முட்டையிடுதல் குறைந்ததையும் பதிவு செய்தது.

இவ்விவாதத்தின் முடிவு உழவருக்கும் இன்றியமையாதது. மணமே காரணமெனில் மணம் மிகுந்த செடிவகைகளையும், மயிர்களே காரணமெனில் மயிரடர்ந்த வகைகளையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். புதிய ஊடுபயிரைத் தேடும்போது எதனைச் சோதிக்க வேண்டும் என்பதும் இதனைப் பொறுத்ததே. இரண்டு வழிகளும் சேர்ந்து செயற்படவும் கூடும்.

குறைபாடுகள்

* டெஸ்மோடியம் மெதுவாக வேரூன்றுவதால் முதல் பருவத்தில் உழைப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது. பயன் முழுமையாகத் தெரியச் சில பருவங்கள் ஆகலாம்.
* டெஸ்மோடியம் விதை எளிதில் கிடைப்பதில்லை, விலையும் மிகுதி.
* பல்லாண்டுச் செடிகளை நட வேண்டியிருப்பதால் குத்தகைக்கு நிலம் எடுத்தவர்கள் தயங்குகின்றனர்.
* அறுவடைக்குப் பின் கால்நடைகள் தடையின்றி மேயும் ஊர்களில் ஊடுபயிரைக் காப்பது கடினம்.
* கால்நடை இல்லாத குடும்பங்களுக்குத் தீவனத்தின் பயன் நேரடியாகக் கிடைப்பதில்லை.
* வழக்கமாக மக்காச்சோளத்துடன் விதைக்கப்படும் அவரை வகைகளின் இடத்தை டெஸ்மோடியம் எடுத்துக்கொள்கிறது. டெஸ்மோடியம் மனிதருக்கு உணவாவதில்லை. அவரையையும் சேர்த்து விதைக்கும் முறைகள் பின்னர் சேர்க்கப்பட்டன.

இந்தியாவில்

இந்தியாவில் கவர்ச்சிப் பயிர் வளர்ப்பது பழக்கத்தில் உள்ள முறையே. பருத்தி வயலில் புரோடீனியாப் புழுவைக் கவர ஆமணக்கும், முட்டைக்கோசில் வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கவரக் கடுகும், தக்காளியில் காய்ப்புழுவைக் கவரச் செண்டுமல்லியும் நடப்படுகின்றன. இவை இழுத்தலை மட்டும் பயன்படுத்துபவை. தள்ளுதலையும் சேர்த்த ஆய்வு ஒன்றினைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பருத்திக் காய்ப்புழுவிற்கு எதிராகக் கவர்ச்சிப் பயிர்கள், வேம்பு, தீநுண்மம் ஆகியவை அதில் இணைத்துப் பயன்படுத்தப்பட்டன.

படைப்புழு 2018 ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களுக்கும் பரவியது. தண்டுத் துளைப்பான், சுடுமல்லி, படைப்புழு ஆகிய மூன்றும் இந்தியாவிலும் உள்ளன. எனினும் ஆப்பிரிக்க முறையை அவ்வாறே பெயர்த்து நடுவது போதாது. இந்தியாவில் உள்ள ஸ்ட்ரைகா இனங்கள் வேறு. பயிர் அமைப்பும் மேய்ச்சல் வழக்கமும் வேறு. ம்பிட்டாவில் செய்ததைப் போலவே அந்தந்த மண்ணுக்குரிய செடிகளைத் தேடிச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதே இம்முறையின் அடிப்படையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை
* ஊடுபயிர்
* கவர்ச்சிப் பயிர்
* உயிரியல் கட்டுப்பாடு
* சுடுமல்லி
* நேப்பியர் புல்

பகுப்புகள்: வேளாண்மை | பயிர்ப் பாதுகாப்பு | களைகள் | பூச்சியியல் | கென்யா